தற்செயலாகக் கட்டிய ஃப்ளை மீன் பிடித்துவிட்டதா? பெயர் வைப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

அமெரிக்காவுக்கு வந்து ஃப்ளை ஃபிஷிங் (தூண்டில் முள்ளில் நூல், இறகு சுற்றிப் பூச்சி மாதிரிக் கட்டிய ஃப்ளையைப் போட்டு மீன் பிடிப்பது) பழகியவர்களில் பாதிப் பேர் முதல் குளிர்காலத்திலேயே ஒரு வைஸ் (முள்ளைப் பிடித்து நிறுத்தும் இடுக்கி) வாங்கி மேசை ஓரத்தில் மாட்டிவிடுகிறார்கள். பிறகு ஒருநாள் பழுப்பு நூல் தீர்ந்துபோகும். கையில் கிடைத்த ஆரஞ்சு நூலைச் சுற்றி, மேலே பழைய கம்பளி நூலை ஓட்டி ஏதோ ஒன்றைக் கட்டி முடிப்போம். அழகாக இருக்காது. ஆனால் அடுத்த சனிக்கிழமை ஆற்றில் ட்ரவுட் என்ற நன்னீர் மீன் அதைத்தான் கவ்வும். பக்கத்தில் நிற்பவர் "அது என்ன ஃப்ளை?" என்று கேட்பார். பதில் சொல்ல நம்மிடம் பெயர் இருக்காது.

அந்தக் கேள்விக்குப் பிறகு என்னென்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். இதையெல்லாம் ஒரே இடத்தில் யாரும் எழுதி வைக்காததால் வரி அலுவலகம், கிளப், கடை, வழக்கறிஞர் என்று தனித்தனியாகக் கேட்டுத் திரிய வேண்டியிருந்தது. நான் இருப்பது பென்சில்வேனியாவில். அதனால் லைசென்ஸ், கட்டணம் எல்லாம் இந்த மாநிலத்துக்கானவை. மத்திய அரசு வரியும் விசா விதிகளும் எல்லா மாநிலத்துக்கும் பொது. ஃப்ளை கட்டவே தெரியாதவர்கள் முதலில் ஒரு சீசன் கட்டிப் பழகிவிட்டு வாருங்கள்.

1. அந்த ஒரு ஃப்ளையை உடனே கழற்றி வையுங்கள்

மூன்று மீன் பிடித்ததும் நான்காவதுக்கு ஆசை வரும். வேண்டாம். அடுத்த வீச்சில் மரக்கிளையில் மாட்டினால் உங்கள் கண்டுபிடிப்பு கிளையோடு போய்விடும். லீடரை (ஃப்ளை கட்டியிருக்கும் மெல்லிய நுனி நரம்பை) வெட்டி, ஃப்ளையைத் தனியாக ஒரு சின்ன மாத்திரை டப்பாவில் போடுங்கள். மூடியைத் திறந்தே வைத்துக் காயவிடுங்கள். ஈரத்தோடு மூடினால் முள் துருப்பிடித்து, துருவின் நிறம் நூலில் இறங்கும். அப்புறம் அசல் நிறம் எது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

மீன் பல்லில் மாட்டிப் பிய்ந்திருந்தால் சரிசெய்யாதீர்கள். பிய்ந்த பிறகுதான் அது மீன் பிடிக்கவே ஆரம்பித்திருக்கலாம். வெளியே இழுபட்ட நாரும், அறுந்து தொங்கும் கம்பியும் தண்ணீரில் அசைந்து கால் மாதிரித் தெரியும். உள்ளது உள்ளபடி இரண்டு படம் எடுங்கள்: ஒன்று காய்ந்த நிலையில், இன்னொன்று வெள்ளைக் கோப்பையில் தண்ணீர் விட்டு அதற்குள் போட்டு. மீன் பார்ப்பது இரண்டாவது படத்தைத்தான். பகல் வெளிச்சத்தில், ஜன்னல் ஓரத்தில் எடுங்கள். வீட்டு விளக்கில் எடுத்தால் எல்லாம் மஞ்சளாகத்தான் வரும்.

2. அன்று இரவே செய்முறையை எழுதுங்கள்

ஒரு வாரம் கழித்து ஞாபகத்திலிருந்து எழுதும் செய்முறை பாதி கற்பனை. மேசையைத் துடைப்பதற்கு முன், சிதறிக் கிடக்கும் துண்டுகளைப் பார்த்துக்கொண்டே எழுதுங்கள். கட்டிய வரிசையிலேயே இருக்கட்டும்: முள்ளின் கம்பெனியும் மாடல் எண்ணும் அளவும், எடைக் கம்பியின் தடிமனும் சுற்றுகளும், அடியில் ஓடும் நூலின் நிறமும் கனமும், உடலுக்குப் போட்ட பொருள், அது எத்தனை இழை, எந்தப் பக்கமாகச் சுற்றினீர்கள், தலையில் என்ன பசை.

"பழுப்புக் கம்பளி" என்று எழுதினால் ஒன்றும் எழுதாததற்குச் சமம். நூல்கண்டின் லேபிளை அப்படியே கிழித்து நோட்டில் ஒட்டுங்கள். நிற எண், சாய எண் இரண்டும் அதில் இருக்கும். ஒரே நிற எண் உள்ள கண்டுகள்கூட வேறு வேறு சாயத் தொகுப்பிலிருந்து வந்தால் சற்று மாறும். வெளியே தெரியாது, நனைத்தால் தெரியும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்தத் துறையின் புகழ்பெற்ற எளிய ஃப்ளை ஒன்று இந்த இடத்தில்தான் சிக்கிக்கொண்டது. இங்கிலாந்தில் வில்ட்ஷயரில் ஓடும் ஏவன் ஆற்றுக்குக் காவலராக இருந்த ஃப்ராங்க் சாயர், கிரேலிங் மீன்களைப் பிடித்துக் குறைப்பதற்காக ஒரு ஃப்ளை கட்டினார். மொத்தம் இரண்டே பொருள்: கம்பி, கம்பளி நூல். அந்தக் கம்பளி, காலுறை தைக்கக் கடைகளில் விற்ற சாட்விக்ஸ் 477 என்ற நூல். காய்ந்திருக்கும்போது வெளிறிய பழுப்பு. நனைந்தால் லேசாக இளஞ்சிவப்பு ஓடி, நன்னீர் இறால் மாதிரித் தெரியும். பிறகு அந்த நூல் உற்பத்தியே நின்றுவிட்டது. அட்டையில் சுற்றிய மிச்சத் துண்டுகளைச் சேகரிப்பாளர்கள் நம்ப முடியாத விலை கொடுத்து வாங்குகிறார்கள். மாற்று நூல் எது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. ஷெட்லாண்ட் கம்பளிதான் நெருக்கம் என்று பலர் சொல்வார்கள். நானும் அந்தக் கட்சி.

ஆகவே, நூல்கண்டு கடையில் கிடைக்கும்போதே இன்னும் இரண்டு வாங்கி வைத்துவிடுங்கள். பத்து டாலருக்குள் முடியும் வேலை.

3. தற்செயல் எது என்று கண்டுபிடியுங்கள்

எல்லாப் படிகளிலும் முக்கியமானது இது. பெரும்பாலானவர்கள் தாண்டிப் போவதும் இதைத்தான். "தற்செயலாக வந்தது" என்று சொல்வது சுலபம். அதே தற்செயலை வேண்டுமென்றே இரண்டாம் முறை செய்ய முடிந்தால்தான் அது ஒரு ஃப்ளை. இல்லாவிட்டால் அது ஒரு நல்ல சனிக்கிழமை, அவ்வளவுதான்.

முதலில் அசலைப் போலவே நான்கைந்து கட்டுங்கள். நான் சொல்லும் வகை ஃப்ளைக்குச் செய்முறை இதுதான்:

14ஆம் அளவு நிம்ஃப் முள்ளை (நீருக்கடியில் வாழும் இளம்பூச்சி மாதிரியான ஃப்ளைக்கு உள்ள முள்) வைஸில் மாட்டுங்கள். கூர்முனைக்குப் பக்கத்தில் உள்ள கொண்டியை முதலிலேயே குறட்டால் நசுக்கிவிடுங்கள். கட்டி முடித்த பிறகு நசுக்கும்போது முள் உடைந்தால் உழைப்பும் போச்சு. ஈயம் கலக்காத எடைக் கம்பியை நடுத்தண்டில் பத்துச் சுற்று நெருக்கமாகச் சுற்றுங்கள். முள்ளின் கண்ணுக்கு, அதாவது நரம்பு கட்டும் துளைக்குப் பின்னால் கொஞ்சம் இடம் விடுங்கள். இடம் விடாமல் சுற்றிவிட்டுக் கடைசியில் தலை முடிச்சுப் போட இடமில்லாமல் தவிப்பது புதியவர்கள் எல்லோருக்கும் நடக்கும். ஆரஞ்சு நூலைக் கண்ணுக்குப் பின்னால் தொடங்கி, கம்பியின் மேல் முன்னும் பின்னும் ஓட்டி, எங்கும் கம்பி தெரியாதபடி மூடுங்கள். கம்பளி நூலைப் பிரித்து ஓர் இழையை மட்டும் எடுத்து, முள் வளையத் தொடங்கும் இடத்தில் கட்டி, கண்ணை நோக்கி ஒன்றையொன்று தொடும்படி சுற்றி வாருங்கள். நடுவில் சற்றுத் தடிமனாக இருக்கட்டும். ஆரஞ்சு நூலால் இறுக்கி, விப் ஃபினிஷ் என்ற தலை முடிச்சைப் போட்டு வெட்டுங்கள். தலையில் பசை ஒரு பொட்டுக்கு மேல் வேண்டாம். பசை கம்பளிக்குள் இறங்கினால் அந்த இடம் கறுத்து, தண்ணீரில் ஒளி ஊடுருவாது.

இப்போது மாற்றிக் கட்டுங்கள். ஒன்றில் ஆரஞ்சுக்குப் பதில் பழுப்பு நூல். ஒன்றில் எடை இல்லாமல். ஒன்றில் வேறு கம்பளி. ஒரு ஃப்ளையில் ஒரு மாற்றம் மட்டுமே. எல்லாவற்றையும் வெள்ளைக் கோப்பைத் தண்ணீரில் வரிசையாகப் போட்டுப் பாருங்கள். பல சமயம் விடை அங்கேயே கிடைக்கும். கம்பளி நனைந்ததும் ஒளியை அரைகுறையாக ஊடுருவ விடும். அடியில் உள்ள ஆரஞ்சு மேலே கசியும். சுண்ணாம்புக்கல் ஆறுகளில் நிறைந்திருக்கும் ஸ்கட் என்ற சிறு இறால்வகை செத்தால் ஆரஞ்சாக மாறும். ட்ரவுட் ஆரஞ்சைத் தேடி வருவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

உங்கள் நூல் கம்பளிதானா என்பதையும் இப்போதே பாருங்கள். லேபிள் இல்லாத பழைய நூல் என்றால் ஒரு நுனியை நெருப்பில் காட்டுங்கள். கம்பளி தலைமுடி கருகும் வாசனையோடு சாம்பலாகும். அக்ரிலிக் உருகிக் கெட்டியான உருண்டையாகும். அக்ரிலிக் தண்ணீரை அவ்வளவாக உறிஞ்சாது. அதில் இந்த ஒளி விளையாட்டு வராது.

4. ஆற்றில் ஒழுங்காகச் சோதியுங்கள்: லைசென்ஸ், இடம், காலம்

லைசென்ஸ் இல்லாமல் "சும்மா சோதித்துப் பார்த்தேன்" என்றால் அதிகாரி கேட்கமாட்டார். பென்சில்வேனியாவில் 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மீன்பிடி லைசென்ஸ் கட்டாயம். ட்ரவுட் பிடிக்க அதற்குமேல் ட்ரவுட் பெர்மிட் தனி. உள்ளூர்வாசிக்கு லைசென்ஸ் சுமார் 28 டாலர், பெர்மிட் சுமார் 15. வெளிமாநிலத்தவருக்கு லைசென்ஸ் மட்டும் 61 டாலரைத் தொடும். புதிதாகக் குடிவந்தவர்கள் விவரம் தெரியாமல் வெளிமாநில லைசென்ஸை வாங்கிவிடுகிறார்கள். பென்சில்வேனியா ஓட்டுநர் உரிமம் கையில் இருந்தால் உள்ளூர்க் கட்டணம்தான். ஆன்லைனில் வாங்கினால் ஐந்து நிமிடம். சோஷியல் செக்யூரிட்டி எண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் அவ்வப்போது மாறும், வாங்கும் அன்று பார்த்துக்கொள்ளவும்.

எப்போது வாங்குவது என்பதிலும் கணக்கு இருக்கிறது. ஆண்டு லைசென்ஸ் டிசம்பர் 1 அன்று விற்பனைக்கு வந்து, அடுத்த ஆண்டு டிசம்பர் 31 வரை செல்லும். டிசம்பரில் வாங்கினால் பதின்மூன்று மாதம் கிடைக்கும். அக்டோபரில் வாங்கினால் முழுக் காசுக்கு மூன்று மாதம்தான். பழையதை வாங்கிவிட்டு ஜனவரியிலும் அதே நினைப்பில் ஆற்றில் நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் அவர்களும் தூண்டிலைத் தொட லைசென்ஸ் வேண்டும். ஆண்டுக்கு இரண்டு நாள், நினைவு தின (மெமோரியல் டே) வார இறுதியின் ஞாயிறும் ஜூலை 4-ம், எல்லோருக்கும் இலவசம். ஆனால் அந்த நாட்களில் கூட்டத்துக்கு நடுவே சோதனை எதுவும் நடக்காது.

ஏப்ரல் முதல் சனிக்கிழமை சீசன் தொடக்கமும் அப்படித்தான். அன்று பண்ணையிலிருந்து விட்ட மீன்கள் பசியில் எதையும் கவ்வும். அன்றைக்கு வெற்றி பெற்ற ஃப்ளைக்குப் பெயர் வைத்தால் மே மாதம் வருத்தப்படுவீர்கள். காட்டு ட்ரவுட் உள்ள இடமாகப் பாருங்கள். ஸ்டேட் காலேஜ் ஊரைத் தொட்டு பெல்ஃபான்ட் வழியாகப் போகும் ஸ்பிரிங் கிரீக் என் தேர்வு. ஊற்று நீர் என்பதால் கோடையிலும் குளிர்ந்திருக்கும், ஆண்டு முழுவதும் மீன்பிடிக்கலாம். ரசாயன மாசு காரணமாக 1982 முதல் அங்கே பிடித்த ட்ரவுட்டை எடுத்துப்போகக் கூடாது. அதனால் மீன்கள் நிறைய. நிறையத் தடவை ஏமாந்தும் தேறிய மீன்கள். அவற்றை ஏமாற்றினால் உங்கள் ஃப்ளையில் ஏதோ இருக்கிறது. ஆற்றின் ஒவ்வொரு பகுதிக்கும் விதி வேறு. கரையில் உள்ள பலகையைப் படித்துவிட்டு இறங்குங்கள்.

மே நடுவில் சல்ஃபர் பூச்சிகள் பறக்கத் தொடங்கும் மாலைகளில் அடியில் ஓடும் ஃப்ளையைச் சோதிப்பது வீண். மீன் மேலே பார்த்துக்கொண்டிருக்கும். மேகமூட்டமான முற்பகல் நல்லது.

சோதிக்கும் முறை இவ்வளவுதான்: எல்லோருக்கும் தெரிந்த ஒரு ஃப்ளையைப் போட்டிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஃபெசன்ட் டெயில் நிம்ஃப் போதும். இரண்டுக்கும் ஒரே அளவு முள், ஒரே எடை. கால் மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். புதிய மடுவில் முதலில் இறங்குவதும் மாறி மாறி இருக்கட்டும். முதலில் போகும் ஃப்ளைக்குத்தான் கலையாத மீன் கிடைக்கும். "என் ஃப்ளை பத்து, அது மூன்று" என்று சொல்பவர்களை விசாரித்தால் பெரும்பாலும் அவர்களுடைய ஃப்ளை கனமானது, அடிவரை போயிருக்கிறது என்பதுதான் விஷயமாக இருக்கும். ஆழம் செய்த வேலைக்கு நிறத்துக்குப் பாராட்டு.

5. இது ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடுங்கள்

இருக்கும். முள்ளில் கம்பளி சுற்றுவது ஆதிகாலத்து வேலை. மனம் உடைய வேண்டாம். எவ்வளவு நெருக்கம் என்பதுதான் கேள்வி.

முதலில் உங்கள் செய்முறையைப் பொருளை வைத்துத் தேடுங்கள், பெயரை வைத்தல்ல. "கம்பளி உடல், கம்பி எடை, வால் இல்லை, இறகு இல்லை" என்று தேடினால் சாயரின் கில்லர் பக் வரும், அதைச் சற்று மாற்றிய யூட்டா கில்லர் பக் வரும். முயல் முடியைச் சுற்றினால் போதும் என்ற அளவுக்கு எளிமையான வால்ட்ஸ் வர்ம் வரும். இது நம் பென்சில்வேனியாவின் வால்ட் யங் கட்டியது. பிறகு ட்ரவுட் அன்லிமிட்டெட் என்ற மீன்வளப் பாதுகாப்புச் சங்கத்தின் கிளையில் குளிர்காலக் கூட்டத்துக்குப் போய், முப்பது நாற்பது வருடமாகக் கட்டும் பெரியவர் ஒருவரிடம் காட்டுங்கள். எந்த இணையத் தேடலையும்விட அவருடைய இரும்புப் பெட்டி ஆழமானது. "இதை எழுபதுகளில் இன்னார் கட்டினார்" என்று சொன்னால் வாக்குவாதம் செய்யாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

நெருக்கமான ஒன்று கிடைத்துவிட்டால் நேர்மையான வழி ஒன்றுதான்: பழைய பெயரோடு "ஆரஞ்சு அடிநூல்" என்று சேர்த்துச் சொல்வது. பொருள், வடிவம், வேலை செய்யும் விதம் மூன்றில் குறைந்தது இரண்டு மாறியிருந்தால்தான் தனிப்பெயர் என்பது என் அளவுகோல். தலையில் கோக்கும் மணியின் நிறத்தை மட்டும் மாற்றிவிட்டுப் புதுப்பெயர் வைப்பவர்கள் கடைகளில் ஏராளம். அந்தக் கூட்டத்தில் இன்னொருவர் வேண்டாம்.

6. பெயர் வைத்தல்

நிலைத்த பெயர்கள் பலவற்றைக் கட்டியவர் வைக்கவில்லை. மிஷிகனில் மேஃபீல்ட் ஊரைச் சேர்ந்த லென் ஹாலடே 1922-இல் ஒரு ஃப்ளை கட்டி, ஒஹாயோவிலிருந்து வந்த வழக்கறிஞர் நண்பர் சார்ல்ஸ் ஆடம்ஸிடம் கொடுத்தார். அவர் போர்ட்மன் ஆற்றில் அதைப் போட்டு நன்றாக மீன் பிடித்துவிட்டு வந்து இதற்கு என்ன பெயர் என்று கேட்க, ஹாலடே அவர் பெயரையே வைத்துவிட்டார். இன்றைக்கு உலகில் ஆடம்ஸ் இல்லாத ஃப்ளை பெட்டி அரிது. சாயரின் ஃப்ளைக்குக் கில்லர் பக் என்ற பெயரைத் தந்தவர் அமெரிக்கரான லீ வுல்ஃப். பென்சில்வேனியாவின் ரஸல் பிளெஸிங் 1967-இல் கட்டிய வூலி பக்கருக்குப் பெயர் வைத்தது அவருடைய சின்ன மகள்.

ஆகவே அவசரப்படாதீர்கள். பெயரில்லாமல் நான்கைந்து பேருக்குக் கொடுங்கள். இரண்டாவது முறை கேட்கும்போது அவர்கள் என்ன சொல்லிக் கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். என்னுடையது கோப்பைத் தண்ணீரில் ரசம் மாதிரி இருக்கிறது என்று வீட்டில் சொன்னதை கிளப்பில் ஒருநாள் உளறிவிட்டேன். இப்போது அங்கே அதற்கு "ரேஸம்" என்று பெயர். திருத்திப் பார்த்தேன், பலனில்லை.

நீங்களே வைப்பதாக இருந்தால் இரண்டு சொல்லுக்கு மேல் போகாதீர்கள். சத்தமான ஆற்றில் நாற்பது அடி தள்ளி நிற்பவருக்குக் கத்திச் சொல்ல முடிய வேண்டும். தமிழ்ப் பெயர் தாராளமாக வைக்கலாம், ழகரம் மட்டும் வேண்டாம். கடைக்காரர் உங்கள் வாயால் ஒருமுறை கேட்டுவிட்டு ஆயுளுக்கும் வேறு மாதிரி சொல்வார். சொந்தப் பெயரைச் சூட்டிக்கொள்வதற்குத் தடை இல்லை. ஆனால் கிளப்பில் சிரிப்பார்கள். பெயரோடு எப்போதும் செய்முறைச் சீட்டு சேர்ந்தே போகட்டும். பெயர் மட்டும் போனால் இரண்டு வருடத்தில் அதே பெயரில் வேறொரு ஃப்ளை உலவும்.

7. இறகு விஷயத்தில் ஜாக்கிரதை

கம்பளி ஃப்ளைக்கு இறகே வேண்டாம். ஆனாலும் அடுத்த ஃப்ளைக்குக் கை போகும், அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மயிலிறகின் நார் ட்ரவுட் ஃப்ளைகளில் எங்கும் இருக்கும். நம் ஊரில் பழனிக்குப் போனால் கட்டுக் கட்டாகக் கிடைக்கும். பெட்டியில் வைத்துக் கொண்டுவரலாம் என்று தோன்றும். கூடாது. மயிலிறகை இந்தியாவிலிருந்து வெளியே கொண்டுபோகத் தடை இருக்கிறது. அமெரிக்கா வந்திறங்கும்போதும் வனவிலங்குப் பொருள், கால்நடை நோய் என்று இரண்டு துறைகளின் விதிகளில் மாட்டுவீர்கள். இங்கே கடையில் ஒரு சிறு கட்டு மயில்நார் சில டாலர்தான்.

நம் மலைக்காடுகளின் சாம்பல் காட்டுக்கோழியும் இதே கதைதான். அதன் கழுத்து இறகில் அரக்குப் பொட்டு வைத்தாற்போல் ஓர் அடையாளம் இருக்கும். சால்மன் ஃப்ளை கட்டுபவர்கள் அதற்கு உயிரை விடுவார்கள். இங்கே சட்டப்படி விற்பது பண்ணையில் வளர்த்த கோழியின் இறகு. ஒரு கழுத்துத் தோல் நூறு டாலரைத் தாண்டுவது சகஜம். யாராவது "ஊரிலிருந்து வந்த அசல்" என்று மலிவாக நீட்டினால் நகர்ந்துவிடுங்கள். ஆற்றங்கரையில் கிடக்கும் நீல ஜே, ராபின் இறகையும் பொறுக்காதீர்கள். 1918-இன் வலசைப் பறவைச் சட்டப்படி உதிர்ந்த இறகை வைத்திருப்பதுகூடக் குற்றம்.

8. இலவசமாகப் பகிர்வது

ஃப்ளை ஸ்வாப் என்று ஒன்று நடக்கும். பன்னிரண்டு பேர் சேர்ந்தால் ஒவ்வொருவரும் தன் ஃப்ளையைப் பன்னிரண்டு கட்டி ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்ப வேண்டும். அவர் கலந்து, ஆளுக்கு ஒரு தொகுப்பாகத் திருப்பி அனுப்புவார். திரும்பிவரும் தபால் செலவை முன்பே வைத்து அனுப்புவது வழக்கம். ஒவ்வொரு ஃப்ளையிலும் பெயர், செய்முறை எழுதிய சிறு காகிதத்தைக் குத்தி வையுங்கள். காகிதம் இல்லாத ஃப்ளை அநாதை. மொத்தச் செலவு முள், கம்பி, தபால் சேர்த்து இருபது டாலருக்குள். தொகுப்பு கைக்கு வர ஓரிரு மாதம் ஆகும், ஏனென்றால் யாரோ ஒருவர் எப்போதும் தாமதமாக அனுப்புவார்.

9. விற்பதற்கு முன்: விசா, வரி, உரிமை

நம்மவர்கள் அதிகம் சிக்கும் இடம் இது.

முதலில் விசா. எச்-1பி வேலை விசாவில் இருப்பவர் தனக்கு மனுப்போட்ட கம்பெனிக்கு மட்டுமே வேலை செய்யலாம். எட்ஸி என்ற கைவினைப்பொருள் விற்பனைத் தளத்தில் கடை திறந்து ஃப்ளை விற்பது "பொழுதுபோக்குதானே" என்று தோன்றினாலும், அனுமதியில்லாத வேலை என்று எடுத்துக்கொள்ளப்படலாம். கிரீன் கார்டு விண்ணப்பத்தில் அது வந்து நிற்கும். எஃப்-1 மாணவர்களுக்கும் அதே ஆபத்து. நண்பர்களுக்குக் கொடுப்பதிலும், கிளப் ஏலத்துக்கு நன்கொடையாகத் தருவதிலும் பிரச்சினை இல்லை. விற்கத்தான் வேண்டும் என்றால் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரக் கட்டணம் கொடுத்துக் கேளுங்கள். பத்து டஜன் ஃப்ளையின் லாபம் அதில் போகும், போகட்டும்.

விசா தடை இல்லாதவர்களுக்கு அடுத்தது வரி. மாநில விற்பனை வரிக்குப் பதிவு செய்ய வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். பென்சில்வேனியாவில் 6 சதவீதம், பிலடெல்ஃபியாவில் 8. பலருக்குத் தெரியாதது மத்திய அரசின் 10 சதவீதக் கலால் வரி. மீன்பிடிக் கருவிகளைத் தயாரித்து விற்பவர் கட்ட வேண்டிய வரி இது. சட்டத்தில் செயற்கை ஃப்ளைகள் பெயர் சொல்லியே இருக்கின்றன. சமையலறை மேசையில் கட்டி விற்றாலும் நீங்கள்தான் தயாரிப்பாளர். ஐ.ஆர்.எஸ். (மத்திய வரித்துறை) படிவம் 720, அதில் வரி எண் 41. காலாண்டுக்கு ஒருமுறை: ஏப்ரல் 30, ஜூலை 31, அக்டோபர் 31, ஜனவரி 31. சில டஜன்தான் விற்றேன் என்பதற்காக விலக்கு தானாக வந்துவிடாது. இந்தப் பணம் மாநிலங்களின் மீன்வளத் திட்டங்களுக்குப் போகிறது என்பதால் கட்டும்போது அவ்வளவு வலிக்கவில்லை.

படிவத்துக்கு வேலைவழங்குநர் அடையாள எண் தேவை. ஐ.ஆர்.எஸ். தளத்தில் அது இலவசம், உடனே கிடைக்கும். தேடும்போது மேலே விளம்பரமாக வரும் தளங்கள் அதற்கே பணம் கேட்கும். மூடிவிடுங்கள்.

"யாராவது திருடிவிட்டால்?" என்று கேட்கிறீர்களா? ஃப்ளை செய்முறைக்குப் பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டம் துணை வராது. பேடன்ட் எடுக்க, பொதுவில் காட்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வழக்கறிஞர் செலவு ஆயிரக்கணக்கில். கம்பளி சுற்றிய முள்ளுக்கு அது கிடைக்கவும் போவதில்லை. பெயரை வேண்டுமானால் வணிகமுத்திரையாகப் பதியலாம்: ஒரு வகுப்புக்கு 350 டாலர், முடிய ஓராண்டுக்குமேல் ஆகும். நான் பதியவில்லை. பதிந்த பெயரை மற்றவர்கள் சொல்லத் தயங்குவார்கள். சொல்லாத பெயர் செத்த பெயர்.

10. பெரிய கம்பெனிக்கு அனுப்புவது

கடைகளில் தொங்கும் ஃப்ளைகளில் பெரும்பகுதி கென்யா, தாய்லாந்து, இலங்கை போன்ற நாடுகளில் கையால் கட்டப்படுபவை. கம்பெனி உங்கள் வடிவத்தை எடுத்துக்கொண்டால், அங்கே கட்டி விற்று, விற்பனையில் சிறு பங்கை உங்களுக்குத் தரும். அனுப்பும்போது ஒரே மாதிரி ஆறு ஃப்ளை, செய்முறைச் சீட்டு, பொருட்கள் எங்கே கிடைக்கும் என்ற விவரம், நெருக்கமான பழைய ஃப்ளைகளின் பட்டியல், உங்களுடையது அவற்றிலிருந்து எங்கே மாறுகிறது என்று நான்கு வரி. ஐந்தாம் படியில் எழுதி வைத்தது இங்கே அப்படியே உதவும். உங்கள் ஒரே அசலை எக்காரணம் கொண்டும் அனுப்பாதீர்கள். திரும்பி வராது.

பதில் வர மாதங்கள் ஆகும். தேர்வானாலும் அந்த சீசனுக்குள் கடைக்கு வராது. ஒப்பந்தம் வந்தால் கையெழுத்துக்கு முன் மூன்று விஷயங்களைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: பெயர் யாருக்குச் சொந்தம், பொருளை மாற்றினால் உங்களைக் கேட்பார்களா, விற்பனையை நிறுத்தினால் நீங்கள் வேறு இடத்தில் விற்கலாமா. இரண்டாவதை விட்டுவிடாதீர்கள். மலிவான அக்ரிலிக்கில் கட்டி உங்கள் பெயரைப் போட்டு விற்றால், மீன் கவ்வாததற்கு வசவு உங்களுக்குத்தான் வரும்.